எழுத்துக்கொரு பார்சல்

"பீ" என்று ஒரு தள்ளு. வண்டி இரண்டடி ஏறும். நின்று மூச்சு வாங்கி, "டபிள்யூ" என்று இன்னொரு தள்ளு. அது நீளமான எழுத்து; மூன்றடி ஏறிவிடும். "டீ" என்கிறபோது முன்சக்கரம் கேற்றில் முட்டும். மாத்தளையில் பீ.டபிள்யூ.டீ. என்கிற அரசாங்க அலுவலகம், ஊர்ப்பேச்சில் கந்தோர், ஒரு மேட்டில் இருக்கிறது. அந்த மேட்டை உம்மு குல்தூம் ராத்தா, ஊருக்கே அக்கா, பன்னிரண்டு வருடமாக மூன்றே எழுத்தில் ஏறி வருகிறார்.

வண்டி என்றேனே, அது குழந்தை வண்டி. எல்கடுவப் பக்கத்துத் தோட்டமொன்றின் வெள்ளைக்காரத் துரை சீமைக்குத் திரும்பியபோது பங்களாச் சாமான்களை ஏலத்தில் விட்டார்கள். மற்றவர்கள் அலுமாரிக்கும் கட்டிலுக்கும் போட்டியிட, ராத்தா மட்டும் துரையின் பிள்ளை படுத்திருந்த வண்டியைக் கேட்டு வாங்கினார். இப்போது அதில், வாழையிலையில் பொதிந்த சோற்றுப் பார்சல்கள் முப்பது நாற்பது, சூடு ஆறாமல் மேல்மூடியை இழுத்துப் போர்த்திக்கொண்டு, பகல் பன்னிரண்டு மணிக்குத் திருகோணமலை வீதியில் பவனி போகின்றன. பின்சக்கரம் ஒன்று கீச்சிடும். எண்ணெய் போடச் சொன்னால் போடமாட்டார்.

"அது வாய மூடிட்டா நான் வாறது யாருக்குத் தெரியும்? பொறகு நானில்ல கத்தணும்?"

வயது ஐம்பதுக்கு இப்பால் அப்பால். கணவர் மவுத்தாகிப் பன்னிரண்டு வருடம். வண்டி அவர் கைக்கு வந்தும் அவ்வளவே. வெள்ளைச் சேலை, நழுவாத முக்காடு. முக்காட்டின் ஓரத்தில் ஊசி குத்தியிருக்கும் இடத்திலேயே இரண்டு தீக்குச்சிகளும் செருகியிருக்கும். புதிதாகப் பார்ப்பவர்கள் ராத்தா பீடி குடிப்பார் என்று நினைத்துக்கொள்வார்கள். நானும் நினைத்தேன்.

தீக்குச்சி பார்சலுக்கு. ராத்தா பார்சல் மேல் பெயர் எழுதுவதில்லை. எழுதத் தெரியாது என்பது உலகம் சொல்லும் காரணம். எழுத வேண்டியதில்லை என்பது அவர் சொல்லும் காரணம். கட்டிய நாருக்கு அடியில் ஓர் அடையாளம் செருகுவார். தீக்குச்சி என்றால் ஓயாமல் சுருட்டுப் பிடிக்கும் ஓவசியருடையது. மிளகாய்க் காம்பு என்றால் உறைப்புக் கேட்கிறவர். ஒரு துளி பஞ்சு என்றால் பல் போன பெரியவர். அவர் சோறு குழைய வெந்திருக்கும். கறிவேப்பிலை இணுக்கு என்றால் உள்ளே மரக்கறி. பன்னிரண்டு வருடத்தில் ஒருவர் பார்சலை இன்னொருவர் திறந்ததாக வரலாறு இல்லை. அந்த வரலாற்றை மாற்றியவன் நான். அதைச் சொல்லத்தான் வந்தேன்.

ராத்தாவின் கணக்கில் உலகத்துக் கந்தோர்கள் இரண்டே வகை. ஒன்று "எண்ணிச் சொல்ற கந்தோர்". ஜீ.ஏ., யூ.சீ., டீ.ஆர்.ஓ., சீ.டீ.பீ. என்று ஒவ்வோர் எழுத்தாக நிறுத்திச் சொல்லவேண்டியவை. மற்றது "முழுங்கிச் சொல்ற கந்தோர்". எழுத்துகளைப் பிரிக்காமல் ஒரே வாயாகச் சொல்லிவிடலாம். பள்ளிக்கூடப் பிள்ளைகளின் பிஸ்கட் பெட்டிகளை அடுக்கி வைத்திருக்கும் கேர் (சீ.ஏ.ஆர்.ஈ.) ஸ்டோர் அந்த வகை. எங்கள் கோபிஸ் கந்தோரும் அந்த வகை.

"எண்ணிச் சொல்ற எடத்துல சோறும் எண்ணித்தான் குடுக்கணும். எழுத்துக்கொரு பார்சல். முழுங்கிச் சொல்ற எடத்துல ஒரே சஹன்."

சஹன் என்பது ஆறு பேர் வட்டமாக உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடும் பெரிய தட்டு. முஸ்லிம் வீட்டுக் கல்யாணங்களுக்குப் போனவர்கள் அறிவார்கள். நடுவில் சோறு குவிந்திருக்கும். அவரவர் தம் பக்கத்திலிருந்து எடுத்து உண்பார்கள். ராத்தாவின் சஹன் நீலக்கரை போட்ட எனாமல் தட்டு. அதைக் குழந்தை வண்டியின் மேல் குறுக்கே வைத்து, வெள்ளைத் துணி போர்த்தி, கடைசி நடையாக எங்கள் கந்தோருக்குக் கொண்டுவருவார். கோபிஸில் நாங்கள் ஆறு பேர். பொறுப்பதிகாரி தென்னக்கோன் மாத்தயா முதல் டிரைவர் ரவூப் வரை. தட்டும் ஆறு பேருக்கானது. கந்தோரைத் திறந்தவன் கொழும்பில் இருந்துகொண்டு ராத்தாவின் தட்டை அளந்துதான் ஆள் போட்டான் என்பது ரவூபின் கட்சி.

சஹனுக்குச் சில சட்டங்கள் உண்டு. அதில் சேர்ந்து சாப்பிடுகிற எல்லாரும் வந்து உட்காராமல் கை வைக்கக்கூடாது. வெள்ளிக்கிழமை ரவூப் ஜும்ஆத் தொழுகை முடிந்து வரும்வரை தென்னக்கோன் மாத்தயாவே கையைக் கழுவிக்கொண்டு காத்திருப்பார். அதே வெள்ளிக்கிழமை பெரிய கிளாக்கர் சுந்தரலிங்கம் மாரியம்மனுக்காக மச்சம் மாமிசம் தொடமாட்டார். ஆகவே வெள்ளிக்கிழமை சஹன் முழுவதுமே மரக்கறி. பலாக்காய், பருப்பு, கத்தரிக்காய்ப் பொரியல். நடுவில் கொடி நட்டதுபோல் ஒரு கறிவேப்பிலை இணுக்கு.

"ஒருத்தர் திங்காட்டி யாருக்கும் இல்ல. அப்புடி இரிக்க ஏலாட்டி எண்ணிச் சொல்ற கந்தோருக்குப் போங்க" என்பார் ராத்தா.

இனி என்னைப் பற்றி.

மு. அழகையா, பி.ஏ. (இலங்கை). எல்கடுவவுக்குக் கீழே, பஸ் நிற்காமல் போகும் ஒரு கிராமம். அப்பா முத்துவீரன் மற்றவர்களின் தோட்டங்களில் ஏணி சாத்தி மிளகு பறிப்பவர். எங்கள் ஊரில் பல்கலைக்கழகத்துக்குப் போன முதல் ஆள் நான். பேராதனையிலிருந்து பட்டத்தோடு திரும்பிய முதல் ஆளும் நானே. இதை இந்தப் பத்திரிகையின் வாசகர்களுக்கு முன்பே யாராவது சொல்லியிருக்கக்கூடும். சொல்லாமல் விட்டிருந்தால், நான் சொல்லிவிட்டேன்.

கோபிஸில் பயிற்சி உத்தியோகத்தனாகச் சேர்ந்தேன். கொக்கோவையும் மிளகையும் விருத்தி செய்வதற்கான திட்டம். அதன் நீண்ட ஆங்கிலப் பெயரில் அங்கொன்றும் இங்கொன்றுமாக எழுத்துப் பொறுக்கினால் சீ, ஓ, பீ, ஐ, எஸ். ஊர் அதைக் கோபிஸ் என்றது. எனக்கு அது பிடிக்கவில்லை. கோபிஸ் என்றால் ஏதோ மிட்டாய்ப் பெயர் மாதிரி. நான் படித்தது மிட்டாய்க் கம்பனியில் வேலை பார்க்கவா?

தனித்தனி எழுத்துகளின் மேல் எனக்கு இருந்த பக்தி சின்ன வயதில் பிடித்தது. தோட்டத்தில் பெரிய துரையைப் 'பீ.டி.' என்பார்கள். பெரிய துரை என்பது நம்முடைய தமிழ்தான். அதன் தலையெழுத்துகளை வெள்ளைக்காரன் இங்கிலீசில் வெட்டி எடுத்துக்கொண்டான். மிளகு பறிக்கக் கூட்டிப்போக வந்த கங்காணி "பீ" என்று சொல்லி நிறுத்துவார். அந்த இடைவெளிக்குள் என் அப்பா தலைத்துண்டை அவிழ்த்துவிடுவார். "டி" வரும்போது துண்டு கக்கத்தில் இருக்கும். எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவே உள்ள அந்த இடம்தான் அதிகாரம் குடியிருக்கும் இடம் என்று எனக்குப் பட்டது. பட்டம் கிடைத்ததும் நான் முதலில் செய்த வேலை, மாத்தளை அச்சகமொன்றில் 'பி.ஏ.' போட்டு நூறு கார்டு அடித்தது. இரண்டு புள்ளியும் தெளிவாக விழவேண்டும் என்று அச்சுக்கோப்பவரிடம் நின்று பார்த்தேன்.

கந்தோர் டெலிபோன் அடித்தால் ஓடிப்போய் எடுத்து, "சீ.ஓ.பி.ஐ.எஸ்., குட் மோர்னிங்" என்பேன். நான் எஸ் சொல்லி முடிப்பதற்குள் மறுமுனையில் ராங் நம்பர் என்று மன்னிப்புக் கேட்டு வைத்துவிடுவார்கள். பிறகு ரவூப் எடுத்து "ஓ, கோபிஸ்தான்" என்பான், பேச்சு நடக்கும்.

ராத்தாவின் இரண்டு வகைக் கந்தோர் கணக்கைக் கேட்ட அன்று எனக்குள் இருந்த பேராதனை விழித்துக்கொண்டது. விரிவுரையாளர் நாற்பது நிமிடம் இதே விஷயத்தைச் சொல்லி, நான் சிவப்பு மையால் அடிக்கோடிட்ட குறிப்பு என் பெட்டியில் இருந்தது.

"ராத்தா, நீங்க சொல்றது படிப்புல உள்ள விசயம். இங்கிலீஸ்ல ரெண்டுக்கும் வேற வேற பேரே இருக்கு. எழுத்த தனித்தனியாச் சொன்னா இனிஷியலிசம். சேர்த்து ஒரு சொல்லாச் சொன்னா அக்ரோனிம்."

ராத்தா தட்டின் துணியை மடித்தபடி சிறிது யோசித்தார்.

"அதுல எது மரக்கறி?"

ரவூப் சிரித்த சிரிப்பில் பிளேன்டீ மூக்கால் வந்தது.

நான் விடவில்லை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை, உதாரணங்களோடு, மேசையில் தட்டித் தட்டிச் சொன்னேன். முழுவதையும் கேட்டுவிட்டு, "இத வயித்துப் பசியில எல்லாருக்கும் தெரியுமே தம்பி. இதுக்காகவா பஸ்ஸேறிப் பேராதனைக்குப் போனீங்க?" என்றார்.

சஹனில் நான் உட்காரவில்லை. சேர்ந்த முதல் நாளே மறுத்துவிட்டேன். ஒரே தட்டில் ஆறு பேர் கை விடுவது உத்தியோக மரியாதைக்குச் சரியல்ல என்று மற்றவர்களிடம் சொன்னேன். உண்மை வேறு. ஊரில் நாங்கள் ஐந்து பிள்ளைகள் ஒரே சட்டியைச் சுற்றி உட்கார்ந்து தின்று வளர்ந்தவர்கள். அங்கிருந்து தப்பித்து வந்தவன் மறுபடியும் ஒரு தட்டைச் சுற்றி உட்காருவதா? எனக்கு மேசையும் தனிப் பார்சலும் வேண்டும் என்றேன். என் அடையாளமாக இலை தழை செருகவேண்டாம் என்று சொல்லி, பி.ஏ. போட்ட என் கார்டு ஒன்றையும் கொடுத்தேன். ராத்தா அதைத் தினமும் நாருக்கடியில் செருகிக் கொண்டுவருவார். சாப்பிட்டதும் துடைத்துத் திருப்பி எடுத்துப்போவார். நாலு மாதத்தில் அதன் விளிம்புகள் பருப்பு நிறத்துக்கு வந்தன. எழுத்து மட்டும் அழியவே இல்லை.

"பி.ஏ. ரெண்டே ரெண்டு எழுத்து" என்பார் பார்சலை என் மேசையில் வைக்கும்போது. "அதுக்கே சேர்ந்து உக்கார ஏலாதாம்."

பிறகு சஹனைப் பார்த்து, யாரிடம் என்றில்லாமல்: "ஒரு பக்கம் சும்மா கெடக்கு. சோத்துக்குச் சங்கடமா இரிக்கும்."

போன வருடம் கொழும்புத் தலைமைக் கந்தோரிலிருந்து சுற்றறிக்கை வந்தது. அங்கீகரிக்கப்பட்ட ஒருவரைத் தவிர வேறு யாரும் கந்தோருக்குள் உணவு கொண்டுவரக்கூடாது. விண்ணப்பிக்கிறவர்களை நேரில் பார்க்க இரண்டு அதிகாரிகள் வெள்ளிக்கிழமை வருவார்கள். அங்கேயே சாப்பிட்டும் பார்ப்பார்கள். பஸ் நிலையத்து ஹோட்டல்காரர் ஒருவரும் விண்ணப்பம் போட்டிருந்தார். கோபிஸ் விரிவாகி முப்பது பேர் வரப்போவதாகப் பேச்சு. இங்கே கதவு மூடினால் இதைப் பார்த்து மற்றக் கந்தோர்களும் மூடிவிடும் என்பது ராத்தாவுக்குத் தெரியும். வண்டி, அடுப்பு, வாழையிலை தரும் வீடு என்று அவருடைய உலகம் முழுவதும் அந்த ஒரு கேற்றில் வந்து நின்றது.

"கொழும்பு ஆக்கள் என்னத்தப் பாப்பாங்க தம்பி?" என்று அவர் கேட்டது தென்னக்கோன் மாத்தயாவிடமல்ல, சுந்தரலிங்கத்திடமுமல்ல. என்னிடம். படித்தவன் என்று நம்பிக் கேட்டார்.

நான் எழுந்து நின்று பதில் சொன்னேன். சஹனைக் கொண்டுவரவே கூடாது. கொழும்பு அதிகாரிகள் அதைப் பார்த்தால் காட்டுமிராண்டித்தனம் என்று எழுதிவிடுவார்கள். ஆளுக்கொரு பார்சல். அதிகாரிகளுக்குக் கோழி கட்டாயம். பெரிய கிளாக்கருக்கு மட்டும் மரக்கறி. தீக்குச்சி, மிளகாய்க் காம்பு ஒன்றும் வேண்டாம். எட்டுப் பேரின் இனிஷியலையும் நானே துண்டுக் கடுதாசியில் அழகாக எழுதித் தருகிறேன்.

"வெள்ளிக்கெழம கோழியா?" என்றார் ராத்தா.

"பெரிய கிளாக்கருக்குத்தான் தனியா மரக்கறி இருக்கே."

"அவருக்கு இரிக்கி. சஹனுக்கு இல்லயே."

எனக்கு அது விளங்கவில்லை. விளங்காததைப் பதிலளிக்கத் தகுதியற்றதாக எண்ணுவதற்கும் ஒரு படிப்பு வேண்டும். அது என்னிடம் இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்குக் கொங்காவலையில் ராத்தாவின் வீட்டு வாசலுக்கே போனேன். எட்டுப் பார்சலும் சூடாகக் கட்டி வாங்குப்பலகையில் வரிசையாக இருந்தன. பட்டமளிப்புக்கு வாங்கிய பேனாவால், நீல மையில், வளைவு சுழிவோடு எழுதிய எட்டுத் துண்டுகளையும் ராத்தா சொல்லச் சொல்ல நானே செருகினேன். ஒரு பார்சலில் ஏற்கெனவே கறிவேப்பிலை இணுக்கு இருந்தது.

"அது இரிக்கட்டும் தம்பி. பாவம், அது யாருக்கும் கரைச்சல் குடுக்காது."

"வேணாம் ராத்தா. கொழும்பு ஆள் பார்த்தாச் சிரிப்பான்." என் கையாலேயே அதை உருவிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, அந்த இடத்தில் பெரிய கிளாக்கரின் இரண்டு எழுத்தைச் செருகினேன்.

சோற்றுத் தொழிலில் ஒருநாள் இருந்தவனுக்குக்கூடத் தெரிந்த ஒன்று எனக்குத் தெரியவில்லை. சூடான வாழையிலை வேர்க்கும். எட்டுப் பார்சல்களை ஒரு குழந்தை வண்டிக்குள் அடுக்கி, மேல்மூடியை இழுத்து, ஒன்றரை மணி நேரம் ஊர்வலம் விட்டால் உள்ளே ஆவி பிடிக்கலாம். அச்சடித்த கார்டு அதைத் தாங்கும். பேனா மை தாங்காது.

நீண்ட மேசையில் வெள்ளை விரிப்பு. தென்னக்கோன் மாத்தயா, இரண்டு கொழும்பு அதிகாரிகள், சுந்தரலிங்கம், நாங்கள். ரவூப் ஜும்ஆவிலிருந்து இன்னும் வரவில்லை. "காத்திருக்கத் தேவையில்லை, ஆளுக்கு ஒரு பார்சல்தானே" என்று நானே சொன்னேன். பரிமாறுகிற பொறுப்பையும் நானே ஏற்றேன். ராத்தா வண்டியோடு வாசலில் நின்றார்.

மூடியைத் திறந்தேன். எட்டுத் துண்டிலும் எழுத்து இல்லை. எட்டும் ஒரே நீலம். கரைந்து, பரந்து, இலையின் நரம்பெல்லாம் ஓடியிருந்தது. நான் பாடுபட்டுப் பிரித்து வைத்த தலையெழுத்துகள் எல்லாம் கடைசியில் ஒன்றாய்க் கலந்துவிட்டன.

அந்த இடத்தில் ஒரு மனிதன் என்ன செய்யவேண்டும்? திரும்பி, "ராத்தா, எது எது?" என்று கேட்கவேண்டும். ராத்தா பார்சலைக் கையில் தூக்கிப் பார்த்தே சொல்லியிருப்பார். கொழும்பு அதிகாரிகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் பட்டதாரி. மேலே இருப்பது முதலில் செருகியது என்று ஊகித்து, நிமிர்ந்த தலையோடு விநியோகித்தேன்.

சுந்தரலிங்கம் நாரை அவிழ்த்தார். இலையை விரித்தார். கோழிக்கால்.

இலையைப் பழையபடி மடித்தார், நாரைச் சுற்றினார், மேசை நடுவுக்கு மெதுவாகத் தள்ளிவிட்டு, கை கழுவ எழுந்து போனார். அதற்கு எதிரே, கோழி கட்டாயம் என்று நான் விதித்திருந்த உயரமான அதிகாரி, பலாக்காயை விரலால் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். மற்றவர் குறிப்புப் புத்தகத்தைத் திறந்தார்.

"யார் செய்த பிழை இது?" என்று கேட்டார்.

நான் மேசை நடுவில் கிடந்த பார்சலின் நாரைச் சரிசெய்யத் தொடங்கினேன். பதில் வாசலிலிருந்து வந்தது.

"நான்தான் சேர். எனக்கு எழுத வாசிக்கத் தெரியா. கை மாறிடுச்சு."

சொல்லிக்கொண்டே உள்ளே வந்து, மேசைமேல் கிடந்த நீலத் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு போனார். பின்சக்கரம் கீச்சிட்டுக்கொண்டே தெருமுனை வரை கேட்டது. அன்றுமுதல் முடிவு வரும்வரை கந்தோர் கேற்றுக்குள் அவர் வரக்கூடாது என்று உத்தரவு.

அன்று மாலை சட்டையைக் கழற்றும்போது பையிலிருந்து கறிவேப்பிலை விழுந்தது. வாடியிருந்தது, மணம் மட்டும் போகவில்லை.

திங்கட்கிழமை, நடந்ததுபற்றி அறிக்கை அனுப்பும்படி கொழும்பு அதிகாரி விட்டுப்போன குறிப்பு என் மேசைக்கு வந்தது. இங்கிலீஸ் நன்றாக எழுதுகிறவன் நான்தான். எழுதினேன். 'விண்ணப்பதாரி எழுத்தறிவற்றவர். பெயர்த்துண்டுகளை அவரால் வாசிக்க முடியவில்லை.' பொய் ஒன்றும் இல்லை. நடை பிரமாதம். பெரிய கிளாக்கரிடம் கொண்டுபோய் வைத்தேன்.

சுந்தரலிங்கம் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி வாசித்தார். பிறகு தன் வலக்கையை என் முன்னால் விரித்தார். பெருவிரலிலும் சுட்டுவிரலிலும் நகக்கண்ணோரம் மங்கிய நீலம்.

"ஐசே, வெள்ளிக்கெழம அந்தப் பார்சல அவுத்தப்போ ஒட்டினது. சவுக்காரம் போட்டும் போகல்ல. இந்த மை யாருட பேனாவுல இருக்கு?"

என் கை சட்டைப்பையிலிருந்த பேனாவை மூடியது.

"எட்டு வருசமா எனக்காக அந்த அம்மா அஞ்சு பேருக்கும் சேர்த்து வெள்ளிக்கெழம மரக்கறி பொங்கிச்சு. நான் கேட்டதே இல்ல. கேக்காமலே பொங்கிச்சு. இத அனுப்புறதுன்னா அனுப்புங்க. நீங்க பி.ஏ., நான் எஸ்.எஸ்.சீ. தான்."

எனக்கு அப்போது வேலை நிரந்தரமாக ஆறு வாரம் பாக்கி. பிழை என்னுடையது என்று ஒரு கடுதாசி என் சுயகோவை ஃபைலுக்குள் போனால் என்ன ஆகும் என்று தெரியாதவனல்ல. அப்பாவுக்கு ஏணியில் ஏறக் கால் தள்ளாடத் தொடங்கியிருந்தது. மேசைக்குத் திரும்பிவந்து நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். பகல் பன்னிரண்டரைக்கு வெளியே கீச்சுச் சத்தம் கேற்றடியில் வந்து நின்றது. ஐந்து பேரும் எழுந்து போனார்கள். தென்னக்கோன் மாத்தயா தாமே தட்டின் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொள்ள, வாகனம் நிறுத்தும் கொட்டகையில் பாய் விரித்து உட்கார்ந்தார்கள். கொட்டகை கேற்றுக்கு வெளியேதான் இருக்கிறது என்பது மாத்தயாவின் சட்ட வியாக்கியானம்.

முதல் அறிக்கையைக் கிழித்தேன். சஹனைக் கொண்டுவராதே என்று சொன்னவன், அடையாளத்தை உருவியவன், மையால் எழுதியவன், கேட்காமல் பரிமாறியவன் நான் என்று நாலு வரியில் எழுதினேன். நடை அவ்வளவு நன்றாக வரவில்லை. கீழே ஒப்பம் வைத்தேன். 'பி.ஏ.' போடாமல் விடலாமா என்று ஒரு கணம் யோசித்துவிட்டு, போட்டுத்தான் அனுப்பினேன். அந்த அளவுக்கு நான் இன்னும் திருந்தவில்லை.

பதில் வர மூன்று வாரம் ஆயிற்று; அதுவரை பஸ் நிலையத்து ஹோட்டலில் பாணும் சம்பலும் தின்றேன். கொட்டகைப் பக்கம் போக முகமில்லை. ராத்தா என்னைக் கண்டால் வழக்கம்போல் "என்னா தம்பி" என்பார். அவ்வளவுதான். திட்டியிருந்தால் ஆறியிருக்கும்.

பதில் ஒரே உறையில் இரண்டு கடுதாசியாக வந்தது. ஒன்று எனக்கு: பயிற்சிக் காலம் இன்னும் ஆறு மாதம் நீட்டிக்கப்படுகிறது. மற்றது கந்தோருக்கு: மாத்தளைக் கிளைக்கு உணவு வழங்க உம்மு குல்தூம் அங்கீகரிக்கப்படுகிறார், உத்தியோகத்தர்களின் தற்போதைய பழக்கப்படியே வழங்கலாம். ரவூப் அதை வாங்கிக்கொண்டு வாகனத்தைக்கூட எடுக்காமல் கொங்காவலைக்கு ஓடினான்.

மறுநாளும் வெள்ளிக்கிழமை. கீச்சுச் சத்தம் கேற்றுக்குள் வந்தது. ராத்தா தட்டை இறக்கிப் பாயில் வைத்து, துணியை விலக்கினார். பலாக்காய், பருப்பு, நடுவில் கொடி. ரவூப் தொப்பியோடு வந்து சேர்ந்தான். ஐந்து பேரும் உட்கார்ந்தார்கள். நான் என் மேசையில், பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு, பார்சலுக்காகக் காத்திருந்தேன். ராத்தா வண்டியின் மேல்மூடியை மடித்துக்கொண்டிருந்தார். உள்ளே ஒன்றுமில்லை.

யாரும் சோற்றில் கை வைக்கவில்லை.

"ராத்தா," என்றேன். "என்னுடைய பார்சல்?"

அவர் மூடியை மடித்து முடித்தார். குனிந்து, சஹனின் நீலக்கரையை இரண்டு விரலால் பிடித்து, ஒரு சாண் திருப்பினார். சும்மா கிடந்த பக்கம் என்னைப் பார்த்து வந்து நின்றது.